நூற்றுக்கு 54

2021 ஜூலை 30, வெள்ளிக்கிழமை. கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்து, பிள்ளைகள் ஒருவர் இருவராக மைதானங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். கோவையில் என் கடையின் ஒரு ஷட்டரை மட்டும் ஏற்றிவிட்டு, இயந்திரத்தில் ஒரு ராக்கெட்டைப் பூட்டி நரம்பு கோத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் டிவியில் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதி. நோவாக் ஜோகோவிச் முதல் செட்டை 6-1 என்று எடுத்திருந்தார். இரண்டாவதில் 3-2, அதுவும் எதிராளியின் சர்வீஸை முறியடித்த, அதாவது அவர் சர்வீஸ் போட்ட கேமைப் பறித்த முன்னிலை. அந்த ஆண்டு ஆஸ்திரேலியா, பிரான்ஸ், விம்பிள்டன் மூன்றையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தவர். இனி இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று முடிச்சுப் போடக் குனிந்தேன். நிமிர்ந்தபோது ஆட்டம் கைமாறியிருந்தது. அதற்குப்பின் நடந்த பதினொரு கேம்களில் பத்து அலெக்சாண்டர் ஸ்வெரெவுக்குப் போயின. 1-6, 6-3, 6-1.

அடுத்த கட்டடத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர் டீ கிளாஸோடு வாசலில் நின்று கடைசி அரைமணி நேரத்தைப் பார்த்தார். “ஏனுங்க, உலகத்துக்கே முதல் ஆள் இவர்தானுங்களே? இப்படித் தோற்பாருங்களா? காசு கீசு வாங்கியிருப்பாரோ?” என்றார். வேலை மும்முரத்தில் “வெயிலுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் பாப்லோ கரேன்யோ புஸ்டாவிடம் ஜோகோவிச் தோற்றார். ஆளில்லாத கேலரிக்குள் ஒரு ராக்கெட்டை வீசினார், இன்னொன்றை வலைக்கம்பத்தில் அடித்து நொறுக்கினார். பட்டறைக்காரர் சரியாக டீ நேரத்துக்கு வந்து, “இன்றைக்கும் வெயில்தானுங்களா?” என்றார். கோயம்புத்தூர்க் குசும்பு.

அவருக்கு ஒழுங்கான பதில் ஒன்று கடன் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் ராக்கெட்டுக்கு நரம்பு போடுகிறவன். கடைப் பேச்சில் இதற்குக் ‘கட்டிங்’ என்று பெயர். வெட்டுவதோ கட்டுவதோ அல்ல, குடலுக்கான ‘gut’ என்ற ஆங்கிலச் சொல்லின் மிச்சம் அது. மாட்டுக்குடலிலிருந்து எடுத்த நரம்பு இன்றைக்கும் உண்டு. பெரிய ஆட்டக்காரர்கள் சிலர் அதைத்தான் விரும்புகிறார்கள். அதற்கு முன்னால் நானும் டென்னிஸ் ஆடியவன்தான், மாவட்ட அளவில். மாவட்டத்தைத் தாண்டிய கதை பின்னால் வருகிறது.

ரோஜர் ஃபெடரர் 2024இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ஒரு கணக்குச் சொன்னார். அவர் ஆடிய ஒற்றையர் ஆட்டங்கள் 1,526. அவற்றில் ஏறத்தாழ 80 சதவீதத்தை வென்றார். ஆனால் அந்த ஆட்டங்களில் ஆடப்பட்ட மொத்தப் புள்ளிகளில் அவர் வென்றது வெறும் 54 சதவீதம். நூற்றுக்கு 46 புள்ளிகளை ஃபெடரரே எதிராளியிடம் கொடுத்துவிட்டுத்தான் ஃபெடரராக இருந்திருக்கிறார்.

அதைப் படித்த அன்று பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். சாதாரணமாக ஒரு ஆட்டத்தில் 130 புள்ளிகள் ஆடப்படுகின்றன என்று வையுங்கள். 54 சதவீதம் என்றால் சுமாராக 70. மற்றவருக்கு 60. இதில் ஐந்தே ஐந்து புள்ளி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்ந்தால் 65-க்கு 65. உலகின் முதல் ஆளுக்கும் நாணயம் சுண்டுவதற்கும் நடுவில் இருப்பது ஐந்து பந்து. இரண்டு மணி நேரத்தில் ஐந்து பந்து! அதை யாராலும் தனியாகப் பார்க்க முடியாது. கோட்டுக்கு ஒரு விரற்கடை வெளியே போன ஃபோர்ஹேண்ட், நேற்றுவரை உள்ளே விழுந்துகொண்டிருந்த அதே ஃபோர்ஹேண்ட்தான். பம்ப் ஷாஃப்ட் கடைகிற பட்டறைக்காரருக்கு இது என்னைவிட நன்றாகப் புரிய வேண்டும். நாலு மைக்ரான் கூடினால் பேரிங் உள்ளே போகாது. ஷாஃப்டைக் கையில் வாங்கிப் பார்க்கிறவருக்கோ பளபளவென்று ஒரு குறையும் தெரியாது.

போதாததற்கு டென்னிஸின் எண்ணிக்கை முறை பொல்லாதது. புள்ளிகள் சேர்ந்து கேம், கேம்கள் சேர்ந்து செட், செட்டை வைத்துத்தான் வெற்றி. 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் எடுத்த புள்ளிகள் 218, ஜோகோவிச் 204. பதினான்கு புள்ளி கூடுதலாக எடுத்தவர் தோற்றார். ஐந்தாவது செட்டில் 8-7, 40-15, தன் சர்வீஸ், கோப்பைக்கு ஒரு பந்து. இரண்டு முறை அந்த ஒரு பந்து வந்து போனது. கபடியிலோ கிரிக்கெட்டிலோ அதிகம் எடுத்தவன் வென்றவன். இங்கே எப்போது எடுத்தான் என்றும் கேட்பார்கள். ஒலிம்பிக்கில் இன்னொரு சிக்கல், மூன்று செட் ஆட்டம். கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் ஆண்கள் ஐந்து செட் ஆடுவதால், நடுவில் ஒரு மணி நேரம் சொதப்பினாலும் திரும்பி வர இடமிருக்கிறது. ஒலிம்பிக்கில் இரண்டு செட் கைவிட்டுப் போய்விட்டால் வீட்டுக்கு டிக்கெட்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, அந்த ஐந்து பந்தை எது தின்கிறது என்பது.

வெயில் தின்னும் என்று நான் சொன்னது முழுப் பொய்யில்லை. இதை நான் 1994 மே மாதத்தில் சென்னையில் கற்றுக்கொண்டேன். பதினேழு வயது. அந்த ஆண்டு எங்கள் மாவட்டத்தில் என்னை வென்றவர் இல்லை. சேரன் எக்ஸ்பிரஸில் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டே போய், காலையில் சென்ட்ரலில் இறங்கி, நேரே மைதானம். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. இங்கேயும் வேர்க்கும். ஆனால் வேர்த்தது உடனே காயும். மதியத்துக்குள் சட்டை முதுகில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். சென்னையில் அன்று காற்று என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. வேர்வை வந்தது, வந்தபடியே நின்றது. முழங்கையிலிருந்து வழிந்து பிடிக்குள் இறங்கியது. மூன்றாவது கேமில் சர்வீஸ் போடும்போது ராக்கெட் கையில் கால்வட்டம் சுழன்றுவிட்டது. துண்டால் துடைத்தேன், கால்சட்டையில் துடைத்தேன். கடைசியில் பையிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பழனித் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டேன். நடுவர் வியந்து பார்த்தார். இரண்டு நிமிடம் முருகன் காப்பாற்றினான். பிறகு அது குழம்பாகி, விரல் இடுக்கில் சேறுபோல நின்றது. நான் மாவட்டத்தில் ஆடிய அதே அடிகளைத்தான் ஆடினேன். பிடி வழுக்குமோ என்ற பயத்தில் ஒரு பொட்டு இறுக்கிப் பிடித்தேன், அவ்வளவுதான். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு ஓடாது. மணிக்கட்டு ஓடாவிட்டால் பந்து நீளும். முதல் சுற்றிலேயே முடிந்தது.

உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வேர்ப்பதால் அல்ல, வேர்வை ஆவியாவதால். புழுக்கத்தில் அந்த வழி அடைபடுகிறது. உடம்பு புழுக்கத்துக்குப் பழகப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் பிடிக்கும். டோக்கியோ ஜூலை, சென்னை மேயின் பெரியப்பா மகன். அங்கே ஜூலை 28 அன்று டேனில் மெத்வதேவ், நான் செத்துப்போனால் நீங்கள் பொறுப்பேற்பீர்களா என்று நடுவரிடமே கேட்டார். அதே நாளில் ஸ்பெயினின் பாவ்லா படோசாவைச் சக்கர நாற்காலியில் வைத்து வெளியே கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகுதான் காலை 11 மணி ஆட்டங்களைப் பிற்பகல் 3 மணிக்குத் தள்ளினார்கள். ஆஷ்லி பார்ட்டி ஜூலை 10 அன்று லண்டனில் விம்பிள்டன் கோப்பையைத் தூக்கியவர். பதினைந்து நாள் கழித்து, ஜூலை 25 அன்று டோக்கியோவில் முதல் சுற்றிலேயே சாரா சொரிபெஸ் தோர்மோவிடம் தோற்றார். யாரும் வற்புறுத்தாமல் தானே செய்த பிழைகள் 55. பதினைந்து நாளில் ஆட்டத்தை யாரும் மறப்பதில்லை. அந்தப் பதினைந்து நாளில் புல் போய்க் கடினத் தளம் வந்தது, கண்டம் மாறியது, தூங்கும் நேரம் புரண்டது.

பழகிய பொருளும் காலை வாரும். வெயிலில் நரம்பு தளர்கிறது. தளர்ந்தால் பந்து நீளப் போகும். மாட்டுக்குடல் நரம்புக்கு ஈரம் ஆகாது. பந்தும் ஈரம் குடித்தால் மேலே உள்ள கம்பளி உப்பிக் கனத்துவிடும். அதனால்தான் பெரிய ஆட்டக்காரர்கள் ஒரே ஆட்டத்துக்கு ஆறு, எட்டு ராக்கெட்டுகளை நரம்பு போட்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள். முதல் ஏழு கேமுக்குப் பின், பிறகு ஒன்பது கேமுக்கு ஒருமுறை பந்து மாற்றும்போது புது ராக்கெட்டை உறையிலிருந்து எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பகட்டுக்காக அல்ல. என்னிடம் வருகிற பிள்ளைகளில் நரம்பின் இறுக்கத்தில் ஒரு பவுண்டு வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். மற்றவர்கள் சொல்லுவதாக நினைத்துக்கொள்கிறார்கள், நானும் தலையாட்டிவிடுவேன்.

இதையெல்லாம் என்னைவிடத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தவர் தாராபுரம் பக்கத்து என் மாமன். டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை. ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்குக் காளை வளர்த்தவர். ரேக்ளாவில் இரண்டே தூரம், 200 மீட்டர், 300 மீட்டர். கண் இமைத்துத் திறப்பதற்குள் முடிந்துவிடும். முதல் பரிசுக்கும் ஏழாம் பரிசுக்கும் நடுவில் ஒரு வினாடிகூட இருக்காது. அவரிடம் ஒரு ஜோடி இருந்தது. சுற்று வட்டாரத்தில் எங்கே விட்டாலும் பரிசு. ஒருமுறை பொள்ளாச்சிப் பக்கம் பெரிய பந்தயத்துக்கு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்தோம். தென்னந்தோப்பு நிழல், ஆற்றுத் தண்ணீர், மாட்டைப் பார்த்தே பொறாமைப்படலாம் என்பதுபோல் இடம். வலக்காளை தொட்டியில் மூக்கை வைத்தது, மோந்தது, திருப்பிக்கொண்டது. ராத்திரி முழுக்க அதே கதை. மறுநாள் ஓடியது, நன்றாகத்தான் ஓடியது. பதினோராவது இடம்.

திரும்பி வரும்போது மாமன் பேசவேயில்லை. உடுமலை வழியாக ஊரை எட்டியதும், வீட்டுத் தொட்டியைப் பார்த்த மாத்திரத்தில் காளை மடக் மடக்கென்று குடித்தது. எங்கள் ஊர்த் தண்ணீர் சவர். மனிதர்கள் வாயில் வைக்க முடியாது. “அங்கே நல்ல தண்ணீர் ஆச்சே மாமா?” என்றேன். “நமக்கு நல்ல தண்ணீர் கண்ணு” என்றார். அதற்குப் பிறகு எந்த ஊர்ப் பந்தயத்துக்குப் போனாலும் டெம்போவில் இரண்டு டிரம் சவர்த் தண்ணீரும் வீட்டுச் சோளத்தட்டும் ஏறின. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

தரவரிசையின் உச்சியில் இருப்பவர்களும் ஆண்டு முழுக்கத் தங்கள் சவர்த் தண்ணீரைச் சுமந்துகொண்டுதான் அலைகிறார்கள். பயிற்சியாளர், உடம்பு பிடித்துவிடுகிறவர், சாப்பாடு, தூக்கம், எந்த நாளில் ஆட்டம், எந்த நாளில் ஓய்வு என்று ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் இருந்துதான் அவர்கள் முதல் இடத்துக்கு வந்திருக்கிறார்கள். பெரிய பன்னாட்டுப் போட்டி அந்த வட்டத்தை எங்கேயாவது ஓரத்தில் உடைக்கிறது. டோக்கியோவில் ஜோகோவிச் கலப்பு இரட்டையரும் ஆடினார். ஸ்வெரெவிடம் தோற்ற அதே நாளில் அந்த அரையிறுதியிலும் தோற்றார். 2012 லண்டன் இன்னும் வெளிப்படை. ஃபெடரர் ஜூலை 8 அன்று விம்பிள்டன் இறுதியில் ஆண்டி மர்ரியை வென்றார். நான்கு வாரம் கழித்து, அதே மைதானம், அதே மர்ரி, ஒலிம்பிக் இறுதி. அப்போது ஒலிம்பிக்கில் ஆண்கள் இறுதி மட்டும் ஐந்து செட் ஆட்டம். 6-2, 6-1, 6-4 என்று ஃபெடரர் தோற்றார். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால், இரண்டு நாளுக்கு முன் அரையிறுதியில் தெல் போத்ரோவோடு 4 மணி 26 நிமிடம் ஆடி, கடைசி செட்டை 19-17 என்று பிய்த்துக்கொண்டு வந்திருந்தார். சொந்த ஊர் மக்கள் மர்ரிக்காகக் கத்தியதும் சேர்ந்துதான் இருக்கும். எனக்கென்னவோ கால்தான் முதலில் தோற்றது என்று படுகிறது.

மனசு? அதற்கு வருகிறேன். அதைப் பற்றித்தான் டிவியில் எல்லோரும் பேசுகிறார்கள் என்பதால் கடைசிக்குத் தள்ளினேன். ‘மனவுறுதி போதவில்லை’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நரம்பு போடும்போது யாராவது எதிரே வந்து நின்று என் விரலையே பார்த்தால், பத்தாயிரம் முறை செய்த பின்னல் வரிசை எனக்குத் தப்பும். மேலே போக வேண்டிய நரம்பு கீழே போகும். பயம் காரணமில்லை, தானாக ஓடுகிற கையை நானும் சேர்ந்து பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன். பழகிய வேலையைக் கவனித்துச் செய்தால் கெடும் என்பது விளையாட்டு உளவியலில் நன்றாக ஆராயப்பட்ட விஷயம். 1993 விம்பிள்டன் இறுதியில் யானா நொவோட்னா ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராகக் கடைசி செட்டில் 4-1 முன்னிலை, தன் சர்வீஸில் 40-30. ஒரு பந்து போட்டால் 5-1. சர்வீஸின் இரண்டு வாய்ப்பையும் தவறவிட்டு இரட்டைப் பிழை செய்தார். அதற்குப் பிறகு ஒரு கேம்கூட வரவில்லை. அவர் அவ்வளவு நேரமும் கிராஃபைவிட மேலாக ஆடியவர். அந்த ஒரு பந்தில்தான் தன் கையைத் தானே பார்த்திருப்பார் என்பது என் ஊகம். 1998இல் அதே மைதானத்தில் கோப்பையை வாங்கினார்.

கொடி என்பதும் எல்லோருக்கும் ஒரே எடை இல்லை. நவோமி ஒசாகா டோக்கியோவில் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றினார். மூன்றாவது சுற்றில் வெளியேறினார். 1996 அட்லாண்டாவில் நம் லியாண்டர் பயஸ் தரவரிசையில் 126ஆவது ஆள். சென்னையில் அமிர்தராஜ் சகோதரர்களின் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்தவர். தங்கம் அவரிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. மணிக்கட்டுக் காயத்தோடு வெண்கலம் கொண்டுவந்தார். 2016 ரியோவில் தரவரிசை உச்சிக்குப் பக்கத்திலேயே இல்லாத மோனிகா புய்க், போர்ட்டோ ரிக்கோவுக்கு ஒலிம்பிக்கின் முதல் தங்கத்தையே வாங்கித் தந்தார். கொடி ஒருவருக்கு முதுகில் மூட்டை, இன்னொருவருக்குக் காலில் சக்கரம். எது யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்லுகிறவர் ஜோசியம் பார்க்கப் போகலாம்.

காசு கிடைக்காத இடத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் உயிரைக் கொடுத்து ஆட மாட்டார்கள் என்று ஒரு கட்சி உண்டு. ஒலிம்பிக்கில் பரிசுப் பணம் கிடையாது, 2016 முதல் தரவரிசைப் புள்ளியும் கிடையாது என்பது உண்மை. ஆனால் 2016இல் ரியோவில் முதல் சுற்றில் 141ஆம் இடத்தில் இருந்த தெல் போத்ரோவிடம் தோற்று, கண்ணீரோடு மைதானத்தைவிட்டுப் போன ஜோகோவிச்சைப் பார்த்த பிறகும் அதைச் சொல்கிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. அந்த ஆட்டத்தின் எண்ணிக்கை 7-6, 7-6. இரண்டு செட்டும் ஆறுக்கு ஆறு என்று வந்து, சில புள்ளிகளில் தீர்க்கிற டை-பிரேக்கர். அழுதது அந்த நாலைந்து பந்துக்காக.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. மாமன் கண் அறுவைச் சிகிச்சை முடிந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். பாரிஸில் ஒலிம்பிக் இறுதி, ஜோகோவிச்சும் ஸ்பெயினின் கார்லோஸ் அல்காரஸும். மாமன் ஒற்றைக் கண்ணால் என்னோடு உட்கார்ந்து பார்த்தார். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஒருவர் சர்வீஸை ஒருவர் ஒருமுறைகூட முறியடிக்கவில்லை. 7-6, 7-6. ரியோவில் வெளியேறிய அதே எண்ணிக்கையில் இந்த முறை தங்கம். ஜோகோவிச் தரையில் மண்டியிட்டுக் கை நடுங்க அழுதார். ஜூன் மாதம்தான் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் என்று மாமனிடம் சொன்னேன்.

“வயது?”

“முப்பத்தேழு மாமா.”

“எட்டுப் பல்லும் சேர்ந்த மாடு” என்றார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, “தண்ணீர் என்ன கொண்டுபோயிருந்தான், கேட்டுச் சொல்லு” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் பட்டறைக்காரர் வந்தார். ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். இந்தத் தடவை கேள்வி எதுவும் கேட்கவில்லை. பேரனுடைய பூப்பந்து மட்டையை நீட்டி, நரம்பு போட எவ்வளவு ஆகும் என்றார். சொன்னேன். அதிகம் என்றார்.